துட்டி வீட்டு இசைத்தட்டுகள்

பிலோமினா டீச்சர் வீட்டுக் குக்கரின் விசில் காணாமல் போன அன்று, அதை யார் எடுத்திருப்பார்கள் என்றுதான் ஜி பிளாக்கின் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோமே தவிர, ஒரு விசில் எப்படிக் காணாமல் போகும் என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. துறைமுகச் சாலையில் உப்பளங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிற எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அதற்கு முன்பே மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணி காணாமல் போயிருக்கிறது, மோட்டார் அறையிலிருந்து ஒயர் காணாமல் போயிருக்கிறது, ஒருமுறை படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியே எட்டடி நீளத்துக்குக் காணாமல் போயிருக்கிறது; அந்த வரிசையில் ஒரு விசிலும் வந்து நின்றபோது எங்களுக்கு வந்தது ஆச்சரியமில்லை, கோபம்தான். குக்கர் இருந்தது. வெயிட் அதன் தலையில் உட்கார்ந்து ஆடியது, ஆவி சீறிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது, சத்தம் மட்டும் இல்லை. மூன்று விசிலுக்காகக் காத்திருந்த டீச்சர், பருப்பு அடிப்பிடித்த நாற்றத்தில்தான் எழுந்து ஓடினார்.

“முந்தாநாள் வரைக்கும் தெருமுனை வரைக்கும் கேட்ட குக்கரு இது,” என்று கருகிய குக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்று அறிவித்தார். முப்பத்தொரு வருஷம் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகு எங்களை வகுப்பாக வைத்துக்கொண்டவர். “எடுத்தவிய மரியாதையா கொண்டாந்து வச்சிருங்க. யாருன்னு நான் கேக்க மாட்டேன்.”

“கேக்க மாட்டேன்னு சொல்லுதவியதான் டீச்சர் மொதல்ல கேப்பாவ,” என்றார் வெள்ளைக்கண்ணு அண்ணாச்சி. அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தலைவர் என்று யாரும் கிடையாது, அதனால் செயலாளர் பேச்சுதான் முடிவு.

பன்னிரண்டு நாள் கழித்து விசில் கிடைத்தது. கீழ்வீட்டு மைதீன் பாத்துவிடம் உறைமோர் வாங்கப் போன டீச்சர், கிண்ணத்தோடு ஹாலில் நின்றுகொண்டிருக்கையில், சுவரில் மாட்டியிருந்த நீலக் கடிகாரத்துக்குள் ஏதோ சீறுவதைக் கேட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, காதை வைத்தார். கடிகாரத்தின் நடுப்பக்கம், முட்கள் சுற்றும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கண்ணாடி போன்ற ரெசினுக்குள் கடுகளவு ஒரு குமிழி இருந்தது. சங்குக்குள் கடல் கேட்கிறது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காதில் வைத்துப் பார்ப்பார்களே, அதுபோலக் குமிழிக்குள் டீச்சர் வீட்டுக் குக்கர் கேட்டது. மூன்று விசில். ஒரு இடைவெளி. மறுபடியும் மூன்று.

“இந்தாப் பாரு பாத்து, என் விசிலு உன் வீட்டுக்குள்ள இருக்கு.”

“அல்லா, நான் எதுக்கு டீச்சர் உங்க விசில எடுக்கேன்? எங்க வீட்டுலயே குக்கரு மூணு கெடக்கு!” என்ற மைதீன் பாத்து, பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். “எங்க வூட்டுக்காரரு கொறட்டையக் காணோமே பத்து நாளா, அத எவ வச்சிருக்கான்னு நான் வந்து கேட்டனா?”

அந்தக் குறட்டை, வெள்ளைக்கண்ணு அண்ணாச்சி வீட்டுக் கடிகாரத்தில் இருந்தது. அண்ணாச்சியின் காலை இருமல் இரண்டாம் மாடியில் இருந்தது. இரண்டாம் மாடிக்காரர்களின் காலிங்பெல் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தக் கடிகாரங்களைச் செய்தவள் மூன்றாம் மாடி எஸ்தர்கனி. உப்பு லாரி ஓட்டுகிற ஞானதிரவியத்தின் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லாதவள். கை சும்மா இருந்தால் மனசு எங்கேயாவது போய் விழுந்துவிடும் என்று பயந்து தையல், மெழுகுவர்த்தி, காகிதப்பூ என்று ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டவள். பழைய டவுனில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையை மூடி, சாமான்களைக் காயலான் கடைக்கு அள்ளிக்கொண்டிருந்தபோது, அதில் இரண்டு தகரப் பெட்டி நிறைய இருந்த கறுப்பு இசைத்தட்டுகளை மட்டும் தனக்கென்று கேட்டு வாங்கி, கணவனின் லாரியிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். மீதியைச் செல்போனில் பார்த்துத் தானாகவே கற்றாள். தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்த நாலு டம்ளர்களின் மேல் கிடத்தி, ரசமட்டம் வைத்துப் பார்ப்பாள். ரெசின் இரண்டு பங்கும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு பங்கும், வேகமாகக் கலக்கினால் காற்றுப் புகுந்துவிடும் என்பதால் பச்சைப்பிள்ளைக்குக் கஞ்சி கிண்டுகிற பதத்தில் மெதுவாகக் கலக்கி, நீலத்தை ஊற்றி, ஓரத்தில் வெள்ளையை ஊற்றி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஊதி ஊதி அந்த வெள்ளையை அலையாக்குவாள். மேலே வரும் குமிழிகளை லைட்டர் நெருப்பைக் காட்டி ஒவ்வொன்றாக உடைப்பாள். பிறகு தூசி விழாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு முழு நாள் திறக்காமல் விடுவாள். திறக்கும்போது தட்டின் ரேகைகள் ஒன்றும் தெரியாது, கரையேறுகிற கடல்தான் தெரியும், அதற்கு நடுவில் இருக்கிற ஓட்டை கடிகார மெஷினுக்கென்றே போட்டது மாதிரி இருக்கும்.

முதல் கடல் கடிகாரத்தை டீச்சருக்குக் கொடுத்தாள். அதோடு அவள் இஷ்டம் முடிந்தது. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் பச்சையில் வேண்டாம், சிவப்பில் வேண்டாம், பூப் போட்டது வேண்டாம், டீச்சர் வீட்டில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்றார்கள். நிஜக் கடல் அரை மைலில் கிடக்க, அவள் வீடு போகப் பதினெட்டு வீட்டுச் சுவரிலும் ஒரே நீலத்தில் ஒரே அலை ஏறி நின்றது. அவளுக்கும் அலுத்துத்தான் போயிருக்கும். ஆனால் பத்தாவது கடலை ஊற்றிக்கொண்டிருக்கையில் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்தது, அந்தச் சந்தோஷத்தில் மீதி எட்டையும் அவள் பாடிக்கொண்டே ஊற்றினாள்.

அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தோம். பதினோரு வருஷம் இல்லாதது இப்போது எப்படி என்று சிலர் விரல் விட்டு மாதம் எண்ணினார்கள். மைதீன் பாத்து நேரில் போய்க் கேட்டாள்.

“ஏ எஸ்தரு, வயித்துப்பிள்ளக்காரி இந்த மருந்து நாத்தத்துல கெடக்கலாமாட்டி?”

“மாஸ்க்கு போட்டிருக்கேன்லா லாத்தா. சன்னலு ரெண்டும் தொறந்துதான் கெடக்கு. டாக்டரம்மாட்டயும் கேட்டாச்சு, கடைசித் தட்டோட நிப்பாட்டிருன்னாவ, நிப்பாட்டிருதேன்.”

“அப்ப எங்க வூட்டுக்காரரு கொறட்டைக்கு ஒரு வழி சொல்லு.”

“ஏன், வேணுமா ஒங்களுக்கு?”

மைதீன் பாத்து யோசித்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பத்து நாள் விடியும்வரை தூங்கியிருந்தாள். “இருக்கட்டும்ட்டி, அவசரமில்ல,” என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தாள்.

இப்படித்தான் நாங்கள் பழகினோம். விசில் இல்லாமல் வாசனையை வைத்துப் பருப்பு வேகவைக்கப் பழகினோம், பெல் இல்லாமல் கதவைத் தட்டப் பழகினோம், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று சைலன்சரில் கை வைத்துப் பார்க்கப் பழகினோம். எது போனால் நல்லது என்று நினைத்தோமோ அதைத் தொலைக்க, கதவைச் சாத்திக்கொண்டு கடிகாரத்தின் எதிரே நின்று வேண்டுமென்றே உரக்கச் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் எந்தச் சத்தம் போகும், யார் வீட்டுக்குப் போகும் என்பதற்கு ஒரு ஒழுங்கும் இல்லை, அதுதான் தொந்தரவு. நம் வீட்டில் பேசியது அடுத்த வீட்டுக் கடலுக்குள் கடுகாக உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உறைமோருக்கும் கறிவேப்பிலைக்கும் வந்தவர்களை வாசலோடு நிறுத்தினோம். ஹாலில் இருந்த கடிகாரங்கள் படுக்கையறைக்குப் போயின, படுக்கையறையிலிருந்து பீரோவுக்குள் போயின. நேரம் கேட்டால்கூட, “எதுக்குக் கேக்குதிய?” என்று பதில் வந்தது. துறைமுக எடைமேடையில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் வீட்டில் கிடக்கிறவன் நான் என்பதால், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பிளாக்கில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேச்சு நின்று பார்வைகள் என் பக்கம் திரும்பின. நானும் அவர்களைப் பார்த்தேன்.

ஊசியைக் காய்ச்சிக் குமிழியைக் குத்திப் பார்த்தார் டீச்சர். குமிழி ரெசினுக்குள் நகர்ந்துகொண்டது. உடைத்தால்தான் வரும் என்பது தற்செயலாகத் தெரிந்தது. இரண்டாம் மாடியில் உப்புக் காற்று தின்ற சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு ஒரு கடிகாரம் கீழே விழுந்து மூன்றாகப் பிளந்தது. அதிலிருந்து, அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி முந்தின மாதம் போட்ட ஒரு சண்டை, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி வெளியே வந்து, படிக்கட்டு வழியாகத் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போனது. அந்தச் சண்டையில் எங்களில் ஆறு பேரைப் பற்றி வந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் கடிகாரத்தைக் கையால் தொடுவதற்கே பயந்தோம், உடைத்த வீட்டுக்காரர்கள் மட்டும் தங்களிடம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடக் கூடாதென்று, எஸ்தர்கனி தனக்கென்று கூடுதலாக ஊற்றி வைத்திருந்த பத்தொன்பதாவதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார்கள். ஆக மறுபடியும் பதினெட்டு.

வெள்ளைக்கண்ணு அண்ணாச்சி விசாரணைக்குக் கிளம்பினார். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, பழைய டவுனுக்குப் போய், கடையை மூடிய சவுண்ட் சர்வீஸ்காரரை அவர் மகன் வீட்டில் கண்டுபிடித்து, இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்து, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் எல்லோரையும் கூட்டினார். எஸ்தர்கனிக்கு அப்போது எட்டாம் மாதம். அவளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

“ரெண்டு பெட்டில்லா வாங்குன நீ?” என்றார் அண்ணாச்சி.

“ஆமா அண்ணாச்சி.”

“ரெண்டுல எந்தப் பெட்டித் தட்டுல ஊத்துன?”

“ஒரு பெட்டித் தட்டெல்லாம் வளஞ்சு கெடந்துச்சு. வளஞ்ச தட்டுல ஊத்துனா பள்ளத்துக்கு ஓடிரும், ஓரத்துல வழிஞ்சிரும். இன்னொரு பெட்டில எல்லாம் தட்டையா நல்லா இருந்துச்சு. அதத்தான் எடுத்தேன்.”

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். “கேட்டுக்கிட்டியளா? வளஞ்சது கல்யாண வீட்டுப் பெட்டி. பந்தல்ல, வெயில்ல, மூணு நாளு விடாம ஓடி வளஞ்ச தட்டு. தட்டையா இருந்தது துட்டி வீட்டுப் பெட்டி.”

சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்போம். அந்த வீட்டில் போடுகிற தட்டுகளை வேறெங்கும் போடக் கூடாதென்று தனிப் பெட்டியில் வைப்பது ரேடியோ செட்காரர்களின் வழக்கம், அதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்ணாச்சி தெரிந்துகொண்டு வந்தது அதற்கு மேலே ஒன்று. துட்டி வீட்டில் காலையில் போட்ட தட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பாடையைத் தூக்கத் தோள் கொடுக்கிற அந்த நொடியில், பாட்டு எந்த வரியில் இருந்தாலும், முள்ளைத் தூக்கிவிட வேண்டும். தூக்கிய தட்டை அன்றைக்கு மறுபடி போடக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் கடைசியாக ஒரு துட்டி வீடு, கடைசியாக ஒரு பாதி வரி. அந்தப் பாதி வரியோடு பெட்டிக்குள் போனவை அவை. “மிச்சத்தப் பாடாத தட்டு எல்லாம்,” என்றார் அண்ணாச்சி. “நம்ம வீட்டுச் சத்தத்த எடுத்து மிச்சத்த ரொப்புது.”

குமிழிகள் எல்லாம் ஏன் ஓரத்தில் இல்லாமல் நடுப்பக்கத்திலேயே இருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கியது; பாதிப் பாட்டில் முள்ளைத் தூக்கிய இடம் அது. யாரும் பயப்படவில்லை. அவரவர் வீட்டுத் தட்டு எந்தத் துட்டியில் ஓடியிருக்கும், அங்கே செத்தது ஆணா பெண்ணா, நம் சொந்தக்காரர் யாராவதா என்றுதான் பேச்சு ஓடியது. தன் வீட்டுத் தட்டு நல்ல சாவுத் தட்டாகத்தான் இருக்கும் என்று டீச்சர் சொன்னார்.

எஸ்தர்கனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“ஒங்க எல்லாரையும் ஒண்ணு கேக்கேன். எல்லாத்தையும் ஒடச்சிருவோம். தெரியாமச் செஞ்சிட்டேன், நானே வந்து ஒவ்வொரு வீடா ஒடச்சுத் தாரேன். எம்பிள்ள பெறக்கப்போற நேரம். அதுக்கு இருக்கப்போறதே ஒரே ஒரு சத்தம்தான், வேற ஒண்ணும் கொண்டு வராது. அதையும் எடுத்துட்டுன்னா?”

அவரவர் வீட்டுச் சன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். பிறகு டீச்சர், “மொதல்ல மத்தவிய ஒடைக்கட்டும்,” என்றார். அண்ணாச்சி, மூன்றாம் மாடியிலிருந்து தொடங்கலாம் என்றார். மூன்றாம் மாடிக்காரர்கள், கீழேயிருந்துதான் முறை என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், கடிகாரங்களைத் திரும்ப வாங்கிப் போய் எல்லோர் பேச்சையும் அவள் ஒருத்தியே வைத்துக்கொள்ளத் திட்டமோ என்று கேட்டது. அது யார் குரல் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோர் வாயும் மூடியிருந்தது. அந்தக் கேள்வியை நாங்கள் பிடித்துக்கொண்டோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. ஞானதிரவியம் ஆட்டோ பிடித்து வந்து, மைதீன் பாத்துவையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப, கேட்டில் குறுக்கே தண்ணீர் லாரி ஒன்று பின்டயர் பள்ளத்தில் இறங்கி நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, சுவரோரம் ஒதுங்கவும் முடியவில்லை. பிள்ளை லாரி நகரும்வரை காத்திருக்கவில்லை. ஆட்டோவைச் சுற்றிச் சேலைகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள், பதினெட்டு வீட்டுச் சன்னல்களும் திறந்திருந்தன. ஆண்பிள்ளை. கையையும் காலையும் உதறிக்கொண்டு, முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, வாயை முழுதாகத் திறந்து அது அழுதது. ஒன்றும் கேட்கவில்லை. லாரி டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பதும், உப்பளப் பக்கம் காக்கை கத்துவதும், எஸ்தர்கனி, “லாத்தா, அழுதானா? அழுதானா லாத்தா?” என்று கேட்பதும் எங்களுக்குக் கேட்டது.

“அழுதுக்கிட்டுத்தான்ட்டி இருக்கான்,” என்றாள் மைதீன் பாத்து. “நல்லா அழுதான்.”

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். தொண்டை நன்றாக இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறது, எடை மூன்று கிலோ, சத்தம் மட்டும் வேறெங்கோ இருக்கிறது, போய்த் தேடிப் பாருங்கள் என்று சொல்லி நாலாம் நாள் அனுப்பிவிட்டார்கள்.

தேடினாள். பத்தாம் நாளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும், “பீரோவத் தொறந்து ஒரே ஒரு தடவ காத வச்சுப் பாத்துட்டுப் போயிருதேன்,” என்றாள். ஒவ்வொரு வாசலிலும், “எங்க வீட்டுல இல்லட்டி, இருந்தா தர மாட்டமா?” என்றோம். அவள் இறங்கிப் போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு பீரோவைத் திறந்து காதை வைத்தோம். அது அங்கேதான் இருந்தது. விசிலுக்கும் இருமலுக்கும் பக்கத்தில் ஒரு புதுக் குமிழி, கசகசாவைவிடச் சின்னது. அதற்குள் ஒரு ‘ங்’, அவ்வளவுதான், ஒரு முழு அழுகையில்லை, அழுகையின் ஒரு கிள்ளல். மீதி யார் வீட்டில் இருக்கிறதோ, பெரிய துண்டை வைத்திருக்கிறவர்கள் முதலில் கொடுக்கட்டும், இந்தக் கிள்ளலுக்காக வீட்டு ரகசியங்களையெல்லாம் உடைத்துக் கொட்ட வேண்டுமா என்று ஒவ்வொருவரும் தன்னையே கேட்டு, வேண்டாம் என்று தனக்கே பதில் சொல்லி, பீரோவைச் சாத்தினோம். பதினெட்டு வீட்டிலும் பதினெட்டுக் கிள்ளல் இருந்ததை ஒருத்தரும் ஒருத்தரிடம் சொல்லவில்லை.

அதற்குள் அந்தப் பெண் உருக்குலைந்து போனாள். பிள்ளை பசித்து அழுவது காதுக்குத் தெரியாது, கண் பார்த்தால்தான் உண்டு. அதனால் கண்ணை மூட முடியாமல் போனது. அடுப்படிக்குப் போனால் அதன் காலில் ஒரு நூலைக் கட்டி மறு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அப்படியும் ஒரு நாள் உட்கார்ந்தபடியே அசந்துவிட்டாள், எழுந்து பார்த்தபோது பிள்ளை எவ்வளவு நேரமாக அழுததோ, தொண்டை வறண்டு உதடு நீலம் பாரித்துக் கிடந்தது.

மறுநாள் காலை தண்ணீர் விடுகிற நேரத்தில் அவள் கீழே வந்தாள். குடங்களோடு எல்லோரும் வரிசையில் நின்றோம். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், தொட்டியின் சிமெண்டு மூடிமேல் ஒரு துண்டை விரித்து, பிள்ளையை அதில் கிடத்திவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். பிள்ளை பால் குடிக்கும் நேரம். அழுதது. முகம் சிவந்தது, முஷ்டி மடங்கியது, அடிவயிறு உள்ளே போய் வெளியே வந்தது, வாய்க்குள் நாக்கு நடுங்கியது.

“தூக்குட்டி அவன,” என்றார் அண்ணாச்சி.

“எதுக்கு அண்ணாச்சி? அழுதானா என்ன? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஒங்களுக்குக் கேக்கா?”

குடம் நிறைந்து வழிந்தது, யாரும் குழாயைத் திருப்பவில்லை. எங்களுக்குக் கேட்டது என்பதுதான் உண்மை. அவரவர் பீரோவுக்குள்ளிருந்து, அவரவருக்கு மட்டும்.

மைதீன் பாத்துதான் முதலில் குடத்தைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போய்த் தன் கடலை எடுத்து வந்தாள். “எங்கிட்ட ஒரு கிள்ளு இருக்கு எஸ்தரு. பெறந்த அன்னையிலேருந்து இருக்கு. அல்லா என்ன மன்னிக்கட்டும்,” என்று சொல்லி, வாசற்படியின் விளிம்பில் ஓங்கி அடித்தாள். தட்டு உடைந்ததும் துண்டைக் குழவிக்கல்லால் நசுக்க, டீச்சரின் இத்தனை மாதத்து விசில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவிக்கொண்டு முதல் மாடிக்கு ஏறின, அதன் பின்னால் மெலிதாக ஒரு ‘ங்’ வந்து தொட்டி மூடிக்குப் போனது. பிள்ளையின் வாயில் அந்தக் கிள்ளல் மட்டும் ஒலித்து நின்றது.

அதன் பிறகு எல்லோரும் ஓடினோம். எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஓடினோம், இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தோம். டீச்சர் கொண்டுவந்தார், அண்ணாச்சி கொண்டுவந்தார், நான் கொண்டுவந்தேன். பதினெட்டுக் கடலும் ஒரே இடத்தில் உடைந்து நீலமும் கறுப்புமாகக் குவிந்தது. குறட்டையும் இருமலும் பெல்லும், மாமியாரைச் சொன்னதும் மருமகளைச் சொன்னதும், செயலாளரைப் பற்றி எல்லோரும் சொன்னதும் செயலாளர் எல்லோரையும் பற்றிச் சொன்னதும், வெயிலில் எழுந்து படிக்கட்டை நிறைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயின. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் குனிந்து குமிழிகளைத் தேடித் தேடி நசுக்கினோம். ஒவ்வொரு நசுக்கலுக்கும் தொட்டி மூடிமேல் அழுகை ஒரு கிள்ளல் நீண்டது. பதினேழு வரை எஸ்தர்கனி வாய்விட்டு எண்ணினாள்.

பதினெட்டாவது வரவில்லை. அரைமணி நேரம் தேடினோம். சில்லுகளைத் துணியில் கொட்டி, பெண்கள் அரிசியில் கல் பார்க்கிறதுபோலப் பார்த்தார்கள். எல்லாக் கடலும் ஒரே கடலாகச் செய்யச் சொல்லி வாங்கியதால், எந்தச் சில்லு யார் வீட்டுத் தட்டு என்று செய்தவளாலேயே சொல்ல முடியவில்லை. கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு அங்கே இல்லை. குனிந்திருந்த நேரத்தில் யாரோ ஒருத்தரின் கை அதை மூடியிருக்கிறது, மடியிலோ பையிலோ போட்டிருக்கிறது, இப்போதும் ஏதோ ஒரு வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரியாமல் இல்லை; நாங்களும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கேட்டவர்கள்தான்.

பிள்ளை இப்போது சத்தம் போட்டு அழுகிறது. மூன்று மாடிக்கும் கேட்கிற அழுகை. ஆனால் அதன் நடுவில், எப்போதும் ஒரே இடத்தில், ஒரு கிள்ளல் அளவுக்குச் சத்தம் நின்றுபோகும், வாய் திறந்தபடி இருக்கும், பிறகு தொடரும். முதலில் கொஞ்ச நாள், அந்த இடம் வரும்போதெல்லாம் பிளாக்கே தலை நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாச்சியின் மடியைப் பார்ப்பார், அண்ணாச்சி என் சட்டைப்பையைப் பார்ப்பார்.

ஒரு நாள் பிள்ளை அழுது அந்த இடத்தில் நின்றபோது, மூன்றாம் மாடியிலிருந்து எஸ்தர்கனியே, ‘ங்ஙா’ என்று அந்தக் கிள்ளலைத் தன் வாயால் போட்டு நிரப்பினாள். அடுத்த நாள் மைதீன் பாத்துவும் கீழேயிருந்து போட்டாள். தன்னிடம் இல்லை என்று காட்டுவதற்காக அதற்கடுத்த நாள் டீச்சர் தன் சன்னலிலிருந்து போட்டார். டீச்சர் போட்டுவிட்டாரே, நாம் போடாவிட்டால் நம்மைத்தான் சொல்வார்கள் என்று அண்ணாச்சி போட்டார், அவர் போட்டதால் இரண்டாம் மாடி போட்டது. ரொம்ப உரக்கப் போடுகிறவர்மேல் ஒரு சந்தேகம், மெதுவாகப் போடுகிறவர்மேல் இன்னொரு சந்தேகம், அன்றைக்கு ஊரில் இல்லாதவர்மேல் எல்லாச் சந்தேகமும். அதனால் கல்யாணத்துக்குப் போனவர்கள்கூடப் பந்தியை முடித்ததும் திரும்பிவிடுகிறார்கள். பகல் தூக்கத்தில் இருக்கும் நானும் எழுந்து சன்னலுக்கு வந்துவிடுகிறேன்.

பிள்ளைக்கு இப்போது ஏழு மாதம். தாயின் இடுப்பில் உட்கார்ந்து மொட்டைமாடிச் சுவரோரம் அழும்போது, அந்த இடம் வந்ததும் தானாகவே நிறுத்திக்கொண்டு, கண்ணில் நீரோடு குனிந்து, எங்கள் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. பதினெட்டுச் சன்னலிலிருந்தும் ‘ங்ஙா’ என்கிறோம். எடுத்தவரும் சொல்கிறார், எடுக்காதவரும் சொல்கிறோம். அது எங்கள் எல்லோரையும் நம்பி, மீதியை அழுகிறது.